உ/த ஒன்றைத் தொட்ட பிறகு கல்லில் எவ்வளவு போயிருக்கும்?

ஊரணிக்கரை:
வணக்கம். காரைக்குடிப் பக்கம் நாங்கள் நாலைந்து பேர் கற்கருவி செய்து பழகுகிறோம். பழைய கருவி எதையும் தொடவில்லை. குவார்ட்சைட் உருளைக்கற்களை உடைத்து எடுத்த புதுச் செதில்கள்தான். ஒரு பக்க விளிம்பை முழுக்கச் செதுக்கிச் சுரண்டியாக்குகிறோம். மழுங்கியதும் மறுபடி செதுக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் எடை பார்த்துக் குறிக்கிறோம். கூடவே தொல்லியலாளர் ஸ்டீவன் குன் 1990இல் சொன்ன குறியீட்டையும் போடுகிறோம்: சில்லு பெயர்ந்த செதுக்குத் தழும்பு, செதிலின் வெளிமுகமான முதுகுப்பக்கத்தில், கல்லிலிருந்து பிரிந்த வயிற்றுப்பக்கத்திலிருந்து பார்த்தால் எந்த உயரத்தில் முடிகிறதோ அது உ, செதிலின் தடிமன் த. உ/த என்பது பூஜ்யத்தில் தொடங்கி ஒன்றில் முடியும்.

சிக்கல் என்னவென்றால் 4ஆம் எண் செதிலும் 11ஆம் எண் செதிலும் இப்போது 1இல் நிற்கின்றன. ஆனால் 4 தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டது. 11 இருபதில் ஒரு பங்குகூட இழக்கவில்லை. நாங்கள் அளந்தது தப்பா, சூத்திரமே இப்படித்தானா?

செம்பாறை:
அளந்ததில் தப்பில்லை தம்பி. இரண்டின் குறுக்குவெட்டையும் கட்டக் காகிதத்தில் வரைந்து பாருங்கள்.

4ஆம் எண் கூரை மாதிரி, நடுவில் முகடும் இரண்டு பக்கம் சரிவுமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அகலம் 40 மி.மீ., முகட்டில் தடிமன் 8 மி.மீ. விளிம்பிலிருந்து 20 மி.மீ. உள்ளே போக 8 மி.மீ. ஏறுகிறது, அதாவது சுமார் 22 டிகிரி சரிவு. இதை 60 டிகிரி விளிம்பு வருகிற மாதிரி செதுக்குகிறீர்கள். விளிம்பு 7.7 மி.மீ. பின்வாங்கும்போது தழும்பின் தலை 4 மி.மீ. உயரத்தில் இருக்கும், உ/த 0.5. 15.4 மி.மீ. பின்வாங்கினால் முகட்டைத் தொட்டுவிடும், உ/த 1. வெட்டுப்பரப்பில் போனதைப் பாருங்கள்: 0.5இல் 15.4 சதுர மி.மீ., 1இல் 61.5. மொத்தம் இருந்தது 160. ஆகப் பாதி வழியில் போனது பத்தில் ஒரு பங்குதான். முகட்டைத் தொடும்போது 38 சதவீதம். உயரம் இரண்டு மடங்கானால் இழப்பு நாலு மடங்கு. 0.5 என்றதும் பாதிக் கருவி தேய்ந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

11ஆம் எண் பலகை மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன். 45 மி.மீ. அகலம், 8 மி.மீ. தடிமன், இரண்டு விளிம்பிலும் மட்டும் 45 டிகிரியில் சட்டென்று ஏறிப் பிறகு தட்டையாகப் போகிற முதுகு. அதே 60 டிகிரியில் செதுக்கினால் விளிம்பு 3.4 மி.மீ. பின்வாங்குவதற்குள் தழும்பு தட்டை மேட்டைத் தொட்டுவிடும். உ/த 1 ஆகிவிட்டது, போனதோ 296 சதுர மி.மீ.யில் 13.5தான், ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. அதற்கப்புறம் இன்னும் 10 மி.மீ. செதுக்கித் தள்ளினாலும், இழப்பு 31 சதவீதத்தைத் தாண்டினாலும், குறியீடு 1இலேயே உட்கார்ந்திருக்கும்.

இதற்குத்தான் தட்டைச்செதில் சிக்கல் என்று பெயர். ஹெரால்ட் டிபிள் 1995இலேயே சுட்டிக்காட்டியது.

உளிச்சத்தம்:
அண்ணே, 4ஆம் எண்ணும் இனிமே நகராதுல்ல? முகட்டைத் தாண்டிட்டா தடிமனே குறைய ஆரம்பிச்சிரும். உயரமும் தடிமனும் ஒண்ணாவே இறங்கும், வகுத்தா எப்பவும் 1.

செம்பாறை:
ஆமாம். 1 என்பது "குறைந்தது இவ்வளவு" என்று மட்டும்தான் சொல்லும். அந்தப் பதிவுகளைத் தாளில் தனி நிறத்தில் வையுங்கள். சராசரி போடும்போது 1ஐயும் 0.6ஐயும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

மீனாள்_கண்டனூர்:
கணக்குக்குள் போவதற்கு முன்னால், உயரத்தை எந்த இடத்தில் அளக்கிறீர்கள்? பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

செதிலின் நீளத்தை நாலாகப் பிரித்து ¼, ½, ¾ ஆகிய மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுப்பது நல்ல வழக்கம். ஒவ்வொரு இடத்திலும் உயரமும் தடிமனும் ஒரே குறுக்குவெட்டில் இருக்க வேண்டும். ஒரு இடத்துத் தழும்பையும் வேறொரு இடத்துத் தடிமனையும் வகுத்தால் வருவது எதன் அளவும் இல்லை. தடிமனைக் குமிழின் மேல் எடுக்காதீர்கள். அடி விழுந்த இடமான அடிமேடைக்குக் கீழே வயிற்றுப்பக்கம் புடைத்திருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு மி.மீ. கூடுதலாகக் காட்டி, குறியீட்டைக் கீழே இழுத்துவிடும்.

வெர்னியரின் ஒரு தாடையை வயிற்றுப்பக்கத்தில் தட்டையாக அமர்த்துங்கள். மற்றதன் கூர்நுனி தழும்பு முதுகில் முடிகிற வரம்பில் நிற்க வேண்டும். எந்தத் தழும்பு என்பதுதான் கேள்வி. நாலைந்து சுற்று செதுக்கிய விளிம்பில் தழும்புகள் படிக்கட்டு மாதிரி வரிசை வரிசையாக இருக்கும். கீழே விளிம்போடு இருப்பவை கடைசியில் விழுந்த சின்னச் சில்லுகள். மேலே ஏறி முடிபவை முந்தியவை. அளக்க வேண்டியது மேல் வரிசை. புதிதாகப் பழகுகிறவர்கள் பளிச்சென்று தெரிகிற கீழ் வரிசையைப் பிடித்துக்கொள்வார்கள்.

டிஜிட்டல் வெர்னியர் 0.01 மி.மீ. காட்டுகிறது என்று நம்ப வேண்டாம். தழும்பின் வரம்பு கோடு போட்ட மாதிரி இருக்காது. ஒரே ஆள் ஒரே இடத்தை மூன்று தரம் அளந்தாலே 0.2, 0.3 மி.மீ. ஆடும். 8 மி.மீ. செதிலில் அந்த 0.3 வெறும் 0.04. 4 மி.மீ. செதிலில் 0.08 ஆகிவிடும். மெல்லிய செதில்களை வைத்து 0.62க்கும் 0.68க்கும் வித்தியாசம் பேசுவது வீண். பத்துச் செதிலை எடுத்து இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் அளந்து, அந்த வித்தியாசத்தை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

ஊரணிக்கரை:
நன்றி ஆச்சி. வெர்னியர் நுனி நிற்க இடமில்லாமல் சறுக்கினால் தழும்பின் நீளத்தை அளந்து விளிம்புக் கோணத்தின் சைனால் பெருக்கலாம் என்று படித்தேன். அது சரிவருமா?

மீனாள்_கண்டனூர்:
குன் சொன்ன இரண்டாவது வழி அது. தழும்பின் முகம் நேராக இருந்தால் சரிவரும். நீளம் 7 மி.மீ., கோணம் 60 என்றால் உயரம் 6.06. கோணமானியில் 5 டிகிரி பிசகினால் 5.73 அல்லது 6.34, அதே 0.3தான். ஆனால் தழும்பு குழிந்திருந்தாலோ, சில்லு பாதியில் முறிந்து படி விழுந்திருந்தாலோ விளிம்பருகே ஒரு கோணமும் மேலே இன்னொரு கோணமும் இருக்கும். அங்கே எந்தக் கோணத்தைப் போட்டாலும் பொய். குவார்ட்சைட்டில் படி விழுவது சகஜம், அதனால் நேரடி உயரத்தையே நம்புங்கள். நுனி சறுக்குகிறதென்றால் செதிலின் வயிற்றுப்பக்கத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, குமிழுக்குப் பக்கத்தில் துளி களிமண் கொடுத்து ஆடாமல் நிறுத்தி, தாங்கியில் பூட்டிய டயல் கேஜால் இறக்கி அளக்கலாம். செதில் வளைந்திருந்தால் இந்த முறை வேண்டாம். கண்ணாடிக்கும் வயிற்றுப்பக்கத்துக்கும் இடையில் இருக்கும் இடைவெளியையும் சேர்த்து அளந்துவிடும்.

கோணமானி:
எடை இழப்புதான் உங்கள் கேள்வி என்றால் உ/தவை விட்டுவிட்டு நேராகப் போன கல்லையே கணக்கிடலாமே. மெட்டின் எரெனும் கூட இருந்தவர்களும் 2005இல் கொண்டுவந்த வழி அதுதான். முதுகுச் சரிவை அப்படியே கீழே நீட்டினால் பழைய விளிம்பு எங்கே இருந்தது என்று தெரியும். பழைய விளிம்பு, இப்போதைய விளிம்பு, தழும்பின் தலை, இந்த மூன்றும் ஒரு முக்கோணம். அந்தப் பரப்பைச் செதுக்கிய நீளத்தால் பெருக்கினால் கனஅளவு.

பரப்பு = ½ × உ² × (முதுகுச் சரிவுக் கோணத்தின் கோடேன்ஜென்ட் − செதுக்கிய விளிம்புக் கோணத்தின் கோடேன்ஜென்ட்).

செம்பாறை அண்ணன் உதாரணத்தைப் போட்டுப் பாருங்கள். உ 4, சரிவு 21.8 டிகிரி, விளிம்பு 60 டிகிரி. ½ × 16 × (2.5 − 0.577) = 15.4. அதே எண். செதுக்கிய நீளம் 30 மி.மீ. என்றால் 0.46 கன செ.மீ.; குவார்ட்சைட்டின் அடர்த்தி 2.65ஆல் பெருக்கினால் 1.2 கிராம். தராசோடு ஒத்துப்பார்க்கலாம். 11ஆம் எண்ணுக்கும் உ/தவைப் போல மௌனம் சாதிக்காது, சரிவு தெரிகிற வரைக்கும்.

செம்பாறை:
"சரிவு தெரிகிற வரைக்கும்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தட்டை மேட்டைத் தாண்டிய பிறகு நீட்டுவதற்குச் சரிவு எங்கே? அது சில்லாகித் தார்ப்பாயில் கிடக்கும்.

இன்னொன்று, அந்தச் சூத்திரத்தின் உயிர் சரிவுக் கோணத்தில் இருக்கிறது. 21.8 டிகிரியை ஒருவர் 26.8 என்று அளந்தால் 15.4 என்பது 11.2 ஆகிறது, 16.8 என்று அளந்தால் 21.9. இந்தப் பக்கம் ஐந்து டிகிரி, அந்தப் பக்கம் ஐந்து டிகிரி பிசகினால் ஒரு விடை மற்றதைப் போல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. மெல்லிய சரிவில் எப்போதும் இப்படித்தான். பெட்டிக்கடையில் வாங்கிய பாகைமானியை வைத்து இதைச் செய்யவே கூடாது.

கோணமானி:
ஒத்துக்கொள்கிறேன். சரிவைக் கோணமானியால் அளக்காமல் முப்பரிமாண மாதிரியிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். செதிலைச் சுழல்தட்டில் நிறுத்தி இரண்டு நிலையில் சுற்றிச் சுற்றி 80 படமாவது எடுங்கள். கூடவே அளவுகோல் ஒன்றும் இருக்க வேண்டும். குவார்ட்சைட்டும் வெங்கச்சங்கல்லும் பளபளப்பில் மென்பொருளை ஏமாற்றும், அதனால் நேர் வெளிச்சம் கூடாது. மெல்லிய துணி வழியாக வருகிற வெளிச்சம் போதும். மாதிரி தயாரானதும் அதன் கனஅளவை அடர்த்தியால் பெருக்கித் தராசு எடையோடு பாருங்கள். இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகினால் அளவுகோல் தப்பு அல்லது மாதிரியில் ஓட்டை.

நீங்கள் செய்வது பரிசோதனை என்பதால் இன்னும் சுலபம். செதுக்குவதற்கு முன்னாலேயே ஒரு மாதிரி எடுத்துவிட்டால் ஒவ்வொரு சுற்றையும் அதன் மேல் பொருத்தி, போனதை நேரடியாகப் பார்க்கலாம். யூகமே இல்லை.

ஊரணிக்கரை:
அப்படியானால் உ/தவைத் தூக்கி எறிந்துவிடலாமா?

மீனாள்_கண்டனூர்:
அவசரம் வேண்டாம். 2005இல் பீட்டர் ஹிஸ்காக்கும் கிறிஸ் கிளார்க்சனும் நீங்கள் செய்வதைத்தான் செய்தார்கள். செதில்களைச் சுற்றுச் சுற்றாகச் செதுக்கி, ஒவ்வொரு சுற்றிலும் எடையும் குறியீடும் எடுத்தார்கள். எடை இழப்போடு உ/த நன்றாகவே ஒத்துப்போகிறது, தட்டைச்செதில் சிக்கல் பயந்த அளவுக்கு இல்லை என்றார்கள். 2009இல் எரெனும் கார்த் சாம்ப்சனும் இந்தக் குறியீடு உண்மையில் இழந்த எடையை அளக்கிறதா என்று கேட்டுக் கட்டுரை எழுத, ஹிஸ்காக்கும் கிளார்க்சனும் அதே ஆண்டு பதில் கொடுத்தார்கள். ஒரு குவியல் செதில்களில் எவை அதிகம் தேய்ந்தவை, எவை குறைவு என்று வரிசைப்படுத்த உ/த போதும். ஒரு தனிக் கருவியை எடுத்து "இதில் 38 சதவீதம் போயிற்று" என்று சொல்ல அதற்கு வக்கு கிடையாது.

அருவாமனையை நினைத்துக்கொள்ளுங்கள். சாணை பிடிக்கப் பிடிக்க அலகின் அகலம் சுருங்கும், மனைக்குள் செருகிய கால் அப்படியே இருக்கும். காலையும் அலகையும் ஒப்பிட்டு இது பழசு, அது புதுசு என்று சொல்லலாம். எத்தனை தோலா இரும்பு போயிற்று என்று கேட்டால், வாங்கும்போது அலகு எவ்வளவு அகலம் என்று தெரிய வேண்டும். கற்செதிலில் அந்தத் தொடக்க அகலம்தான் கையில் இல்லை.

செம்பாறை:
ஆச்சி சொன்ன அருவாமனை இன்னொரு பழைய சண்டையையும் விளக்குகிறது. பிரான்சுவா போர்ட் இடைப் பழங்கற்காலக் கருவிகளை 63 வகையாகப் பட்டியல் போட்டார். அதில் சுரண்டிகளே ஏகப்பட்ட வகை: ஒரு பக்கம், இரு பக்கம், கூடும் விளிம்பு, குறுக்கு விளிம்பு. இவை வேறு வேறு கருவிகளே இல்லை, ஒரே சுரண்டி தேய்ந்து தேய்ந்து எடுக்கிற கோலங்கள் என்று டிபிள் 1987இல் வாதிட்டார். தேயத் தேயக் கருவியின் வடிவம் மாறுவதை ஜார்ஜ் ஃப்ரிசன் 1968இல் எழுதினார். அதற்கு ஃப்ரிசன் விளைவு என்று பெயர் வைத்தவர் ஆர்தர் ஜெலினெக், 1976இல். தேய்மானத்தை அளக்கக் குறியீடு தேவைப்பட்டதே இந்தப் பிரச்சினைக்காகத்தான். வெறும் எடைக் கணக்குக்காக மட்டும் இல்லை.

தேரிக்காட்டான்:
தெற்கேயிருந்து ஒரு எச்சரிக்கை. நீங்க புதுச் செதிலோட நிறுத்திக்கிட்டா பரவாயில்ல. நாளைக்கு யாராவது இதே உ/தவ நுண்கற்கருவிக்கும் போட்டுரப் போறாங்க. எங்க தேரிப் பக்கம் கெடைக்கிறதெல்லாம் சின்னச் சின்னக் கருவி. ஜெய்னரும் ஆல்ச்சினும் 1956லயே அதப் பத்தி எழுதியிருக்காங்க. பிறைக் கருவியோட முதுகு வேணும்னே மழுங்கடிச்சது. கைப்பிடியில ஒட்ட வசதியா இருக்கணும்னு தொண்ணூறு டிகிரிக்குக் கொறிச்சு விட்டிருப்பான். அங்க தழும்பு மொத்தத் தடிமனையும் ஏறி நிக்கும், உ/த 1. ஆனா அது ஒரு தடவகூடத் தீட்டப்படல, செஞ்ச அன்னைக்கே அப்படி! வேணும்னே மழுங்கடிக்கிறது வேற, தீட்டறது வேற.

மீனாள்_கண்டனூர்:
மிக முக்கியமான பதிவு. இரு முகமும் செதுக்கிய கருவிக்கும் இது ஆகாது. அதிரம்பாக்கத்துக் கைக்கோடாரி மாதிரி ஒன்றில் வயிற்றுப்பக்கமே மிஞ்சியிருக்காது. உயரத்தை எங்கிருந்து அளப்பது? அங்கே கிளார்க்சன் 2002இல் கொடுத்த ஊடுருவல் குறியீட்டைப் பயன்படுத்தலாம். ஒரு முகத்தை எட்டுக் கட்டமாகப் பிரிக்க வேண்டும், இரு முகத்துக்கும் சேர்த்து 16. ஒவ்வொரு கட்டத்திலும் விளிம்போரப் பகுதி, உட்பகுதி என்று இரண்டு. தழும்பே இல்லையென்றால் 0, ஓரத்தோடு நின்றால் 0.5, உள்ளே நுழைந்திருந்தால் 1. கூட்டி 16ஆல் வகுக்கவும்.

ஆனால் ஊரணிக்கரை, உங்கள் சுரண்டிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு முகத்தில் ஒரு பக்க விளிம்பு மட்டும், தழும்பு ஓரத்திலேயே நிற்கிறது: நாலு கட்டம் × 0.5 = 2, வகுத்தல் 16, அதாவது 0.125. பத்துச் சுற்று தீட்டினாலும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும், ஏனென்றால் கருவி சுருங்கச் சுருங்கக் கட்டமும் கூடவே சுருங்குகிறது. தழும்பு எவ்வளவு பரவியது என்பதற்கு அது அளவு, எவ்வளவு போனது என்பதற்கு இல்லை.

கோணமானி:
கைக்கோடாரிக்குத் தழும்பு அடர்த்தியும் உண்டு: தழும்புகளின் எண்ணிக்கை வகுத்தல் மொத்த மேற்பரப்பு. முப்பரிமாண மாதிரி இருந்தால் மேற்பரப்பு துல்லியமாக வரும். எந்த அளவுக்குக் கீழே தழும்பை எண்ணக் கூடாது என்று முதலிலேயே ஒரு வரம்பு, உதாரணத்துக்கு 10 மி.மீ., வைத்துக்கொண்டு அதைச் சொல்லிவிட வேண்டும். சொரசொரப்பான குவார்ட்சைட்டில் இரண்டு தழும்புக்கு நடுவில் இருக்கும் வரம்பு மங்கலாகத்தான் தெரியும். ஆற்றில் உருண்ட கருவியில் அதுவும் தேய்ந்திருக்கும். எண்ணிக்கை குறையும், கருவி "குறைவாகச் செதுக்கியது" என்று பொய் சொல்லும்.

உளிச்சத்தம்:
செய்முறையப் பத்தி ரெண்டு வார்த்தை. எடைக் கணக்கு நிக்கணும்னா சில்லு ஒண்ணும் தப்பிக்கக் கூடாது. தார்ப்பாய் விரிச்சு, மடியில தோல் போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் விழுந்தத மொத்தமா வழிச்சுத் தனிப் பையில போடுங்க. சுற்றுக்கு முந்தின கருவி எடை = பிந்தின எடை + சில்லு எடை. நகைக்கடைத் தராசு 0.01 கிராம் காட்டும், அது போதும். மின்விசிறிக்குக் கீழ வச்சு நிறுத்தாதீங்க. ஒரு சதவீதத்துக்கு மேல காணலன்னா அந்தச் சுற்றுக்கு ஒரு குறி போட்டு வைங்க.

சுத்தி விஷயம்: உருண்ட குவார்ட்சைட் கல் 150லருந்து 250 கிராம் வரைக்கும் இந்த வேலைக்குப் போதும். பெரிய கல்லால மெல்லிய விளிம்பத் தட்டினா தழும்பு ஏறாது, படி விழும். அடிக்கு முன்னாடி விளிம்பச் சொரசொரப்பா ஒருதரம் தேய்ச்சு விடுங்க, நொறுங்கறது குறையும். எந்தச் சுற்றுல சுத்தி மாத்தினீங்கங்கறதயும் எழுதுங்க. சுத்தி மாறினா கோணம் மாறும், கோணம் மாறினா மேல செம்பாறை அண்ணன் போட்ட கணக்கு மொத்தமும் மாறும்.

மழுங்கறதுக்கு என்ன வேலை குடுக்கறீங்க? கல்லுல தேய்ச்சு மழுங்க வச்சா அது ஏமாத்து. மரமோ பச்சைத்தோலோ, எதுவா இருந்தாலும் இத்தன இழுப்புன்னு கணக்கு வச்சு ஒரே மாதிரி குடுங்க.

முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாம உக்காராதீங்க. குவார்ட்சைட் தூசி நுரையீரலுக்குப் போனா திரும்பி வராது. வீட்டு வளவுக்குள்ள வேண்டாம், திறந்த வெளியில காத்துக்கு முதுகக் காட்டி உக்காருங்க.

மீனாள்_கண்டனூர்:
அதோடு, வேலை முடிந்ததும் சில்லுகளை ஊரணிக் கரையிலோ பொட்டலிலோ கொட்டாதீர்கள். பத்து வருஷம் கழித்து ஒருவர் அதைப் பொறுக்கி வந்து நம்மிடமே கேட்பார். பையில் கட்டி, தேதி எழுதிய தகடும் இந்த வருஷ நாணயமும் உள்ளே போட்டு வையுங்கள்.

ஊரணிக்கரை:
சரி ஆச்சி. தோல்தான் கொடுக்கிறோம். அடுத்த கட்டமாக, யாராவது உண்மையான சேகரிப்பை அளக்கும்போது உ/த அதிகமாக வந்தால், "இந்தப் பக்கம் நல்ல கல் கிடைக்கவில்லை, அதனால் ஒன்றையே தீட்டித் தீட்டிப் பயன்படுத்தினார்கள்" என்று சொல்லலாமா? செட்டிநாட்டில் செம்பாறாங்கல்தான் எங்கும், செதில் எடுக்க லாயக்கில்லாதது. பொருத்தமாகத்தானே தோன்றுகிறது?

செம்பாறை:
தோன்றும். கல் பஞ்சம் ஒரு காரணம்தான், ஒரே காரணம் இல்லை.

எத்தியோப்பியாவில் தோல் பதனிடுபவர்கள் அண்மைக் காலம் வரை கல் சுரண்டி பயன்படுத்தினார்கள். கோன்சோவில் அந்த வேலை பெண்களுடையது. கல்லைச் செதுக்குவதும் அவர்களே. காமோ மக்களின் சுரண்டிகளை மைக்கேல் ஷாட்டும் கேத்ரின் வீட்மனும் 2007இல் அளந்து எழுதினார்கள். பிடியில் பொருத்திய சுரண்டியைப் பிடி அனுமதிக்கிற வரை தீட்டலாம். அதற்கு மேல் குறுகினால் கல் மிச்சமிருந்தாலும் பயனில்லை. அங்கே தேய்மானத்தின் எல்லையைப் பிடி முடிவு செய்கிறது. கையில் பிடிக்கும் சுரண்டிக்கு அந்த எல்லை இல்லை. ஆக ஒரு குவியலில் உ/த அதிகம், இன்னொன்றில் குறைவு என்றால் கல் பஞ்சத்துக்கு முன்னால் கேட்க வேண்டியவை நாலைந்து உண்டு: இரண்டும் ஒரே கல்லா, தொடக்கச் செதிலின் தடிமன் ஒன்றா, பிடி போட்டவையா, குறுக்குவெட்டு கூரையா பலகையா? பலகைச் செதில் அதிகமுள்ள குவியல் ஒரு வேலையும் செய்யாமலே 1ஐ நோக்கி ஓடும், உங்கள் 11ஆம் எண் மாதிரி.

இன்னும் ஒன்று: நம் கையில் கிடைப்பது தூக்கிப் போட்டவை மட்டும். பயன்பாட்டில் இருந்தவை நடந்து போய்விட்டன.

கோணமானி:
அதனால்தான் சராசரியை மட்டும் ஒப்பிடக் கூடாது. எந்தத் தேய்மானம் வரை எத்தனை கருவி கைவிடப்படாமல் மிஞ்சியது என்று வளைவாக வரைய வேண்டும். மெதுவாக இறங்கும் வளைவு என்றால் உடைந்தோ தொலைந்தோ கண்டபடி கைவிட்டிருக்கிறார்கள்; கடைசி வரை மேலே நின்று சட்டென்று விழுந்தால் எல்லை வரை தீட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். ஒரே சராசரி இரண்டு வளைவிலும் வரலாம்.

தேரிக்காட்டான்:
மேற்பரப்புல கெடச்சத அளக்கறவங்களுக்கு: டிராக்டர் ஏறின விளிம்பும் ஜேசிபி வாளி பட்ட விளிம்பும் அச்சு அசலா மறுசெதுக்கல் மாதிரியே இருக்கும். நிறத்தப் பாருங்க. பழைய தழும்புல மேற்படலம் ஏறி மங்கியிருக்கும், புதுச் சில்லு பளிச்சுன்னு உள்நிறம் காட்டும். தழும்பு ஒரே முகத்துல வரிசையா இல்லாம இங்கொண்ணும் அங்கொண்ணுமா ரெண்டு முகத்துலயும் இருந்தா சந்தேகப்படுங்க. ரயில்பாதை ஜல்லியிலயும் குமிழோட செதில் கெடக்கும், அது கிரஷர் செஞ்சது. நெசமாவே பழசுன்னு தோணுச்சுன்னா எடுக்காம இடத்தக் குறிச்சு, படம் எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லிருங்க.

ஊரணிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. உட்கார்ந்து மொத்தத் தாளையும் திருப்பிப் பார்த்தேன். 11ஆம் எண் பலகையேதான். இப்போது 7ஆம் எண்ணில் ஒரு குழப்பம்: மூன்றாம் சுற்றில் 0.62, நாலாம் சுற்றில் 0.48. செதுக்கச் செதுக்கக் குறியீடு இறங்குமா?

மீனாள்_கண்டனூர்:
ஒரே குறுக்குவெட்டில் இறங்க வழியில்லை. தழும்பின் தலை மேலே ஏறத்தான் செய்யும். முகட்டைத் தாண்டினால் 1இல் நிற்கும். இறங்கியது என்றால் இரண்டில் ஒன்று: கீழ் வரிசைச் சில்லை அளந்திருக்கிறீர்கள், அல்லது அளந்த இடம் மாறிவிட்டது. நாலாம் சுற்றில் நுனி உடைந்ததா?

ஊரணிக்கரை:
ஆமாம் ஆச்சி, நுனி 9 மி.மீ. போயிற்று. தாளில் "உடைப்பு" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறது.

மீனாள்_கண்டனூர்:
அதுதான். நீளம் குறைந்ததும் ¼, ½, ¾ எல்லாமே அடிமேடைப் பக்கமாக நகர்ந்துவிட்டன. அங்கே செதில் தடிமனாக இருக்கும், அதனால் குறியீடு இறங்கியது. முதல் சுற்றுக்கு முன்னாலேயே வயிற்றுப்பக்கத்தில் அந்த மூன்று இடத்திலும் இந்திய மையால் புள்ளி வைத்துவிடுங்கள், கடைசி வரை அந்தப் புள்ளிகளிலேயே அளங்கள். வயிற்றுப்பக்கத்தைச் செதுக்குவதில்லை, புள்ளி விளிம்புக்குத் தள்ளி இருந்தால் அழியாது.

செம்பாறை:
உடைந்த நுனியின் எடையைத் தனிப் பத்தியில் போடுங்கள். நாலாம் சுற்றின் இழப்பில் அதைச் சேர்த்திருந்தால் 7ஆம் எண் தீட்டித் தேய்ந்ததாகக் காட்டும். அந்தத் துண்டு பையில் இருக்கிறதா, இல்லை சில்லோடு சில்லாக நிறுத்தினீர்களா?

ஊரணிக்கரை:
சில்லோடுதான் நிறுத்தினோம். பை இருக்கிறது, பிரித்து நிறுத்திவிட்டு வருகிறேன்.